பிற்பகலில் ஆளில்லாத மலை

இப்போது கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியில் துடைப்பார். துடைத்து முடித்ததும் சராசரி என்ற சொல்லைச் சொல்வார். சொன்னவுடன் நான் தலையாட்டுவேன். ஏன் ஆட்டினேன் என்று கீழே போகிற பஸ்ஸில் உட்கார்ந்து யோசிப்பேன் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"சராசரின்னு ஒண்ணு இருக்கும்மா," என்றார்.

அவள் தலையாட்டினாள்.

மலை உச்சியில் இருந்த காற்று ஆய்வு நிலையத்தின் ஒரே பெரிய அறை அது. ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், சுவரோரம் புதுக் கருவி. கூரைக்கு மேலே நீண்டிருந்த குழாய் வழியாகக் கருவி காற்றை உறிஞ்சி, அதில் மிதக்கும் தூசியையும் புகைக்கரியையும் நிமிடத்துக்கு நிமிடம் எண்ணிக்கொண்டிருந்தது. வந்து ஒரு மாதம் ஆகிறது. முப்பது நாள் எண்ணிக்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரே நாளாக்கி, ஒரு கோடாக வரைந்து மேசைமேல் விரித்திருந்தாள். நள்ளிரவில் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. விடியுமுன் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. காலை பத்துவரை அசையவில்லை. பதினொன்றுக்கு மேல் தலையைத் தூக்கி, மூன்று மணிக்கு ஒட்டகத்தின் முதுகு மாதிரி உயர்ந்து, இருட்டிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி மறுபடியும் படுத்துக்கொண்டது.

"இது என்ன?" இயக்குநர் அந்த முதுகின்மேல் விரலை வைத்தார்.

"மத்தியானம் சார்."

"மத்தியானம்னா?"

"மத்தியானம் இப்படித்தான் இருக்கு சார். ஒரு நாள் இல்ல, முப்பது நாளும்."

"நம்ம மலையிலயா?"

மகன் பரீட்சையில் பார்த்து எழுதிப் பிடிபட்டான் என்று பள்ளியிலிருந்து ஆள் வந்து சொன்னால் ஒரு அப்பா அப்படித்தான் கேட்பார். அவருக்காக அவளுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

மலைமேல் குற்றமில்லை. இயக்குநர்மேலும் இல்லை. நிலையம் தொடங்கி இருபத்திரண்டு வருடங்கள். அன்றிலிருந்து காலை ஆறு மணிக்கு ஒரு அளவு, பத்து மணிக்கு ஒரு அளவு. வடிகட்டித் தாளை மாற்றி, எடைபோட்டு, நோட்டில் எழுதி, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அதுதான் 'நாள் சராசரி'. பதினொன்றரைக்குக் கீழே போகும் பஸ் ஒன்று உண்டு. அதை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகு. அதனால் அளவு எடுக்க வந்தவர்கள் எல்லோரும், இருபத்திரண்டு வருடங்களாக, பதினொன்றே காலுக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடியிருக்கிறார்கள். அவளும் மூன்று வருடமாக ஓடியிருக்கிறாள். இந்த மலையில் பிற்பகல் என்று ஒன்று நடந்ததற்கு எழுத்துப்பூர்வமான சான்று எதுவுமே கிடையாது.

யாரும் பொய் எழுதவில்லை. பஸ் நேரத்தை எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"ராத்திரி மலை குளுந்துபோகும் சார்," என்று அவள் விளக்க ஆரம்பித்தாள். "குளுந்த காத்து கனமா இருக்கும், சரிவு வழியா கீழ இறங்கிடும். அதுக்குப் பதிலா ரொம்ப மேல இருக்கற சுத்தமான காத்து நம்மகிட்ட வரும். அதான் விடியக்காலையில அவ்வளவு சுத்தம். வெயில் ஏறினதும் தலைகீழ். சரிவு சூடாகும், அதை ஒட்டியிருக்கற காத்து மேல ஏறும். ஏறும்போது பள்ளத்தாக்குல இருக்கற அடுப்புப் புகை, லாரிப் புகை, செங்கல் சூளைப் புகை எல்லாத்தையும் கையோட கூட்டிட்டு வந்துடுது."

இயக்குநர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர். யார் பேசினாலும் முழுக்கக் கேட்பார். கேட்பதுதான் அவருடைய மறுப்பு.

"கருவி புதுசு பாரு," என்றார். "புதுசுக்கு எல்லாம் பெருசாத்தான் தெரியும். ஒரு குழு போட்டுடலாம்."

*

குழு வருவதற்குள் தன் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் அவள் பஸ்ஸை விட்டாள். வேண்டுமென்றே பஸ்ஸை விடுவது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பஸ் வளைவில் திரும்பி மறைந்தபோது ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி இருந்தது.

காவலாளி அவளுக்கு நாற்காலி கொண்டுவந்து வாசலில் போட்டார். நிற்காமல் பேசுவதால் நிலையத்தில் அவருக்கு 'வானொலி' என்று பெயர்.

பன்னிரண்டு மணிக்குப் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு கூரையும் கத்தரித்து ஒட்டின மாதிரி தெளிவாக இருந்தது. ஒரு மணிக்குக் கூரைகளின் விளிம்பு மங்கியது. இரண்டு மணிக்கு மெல்லிய பழுப்பாக ஏதோ ஒன்று சரிவில் ஏறி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, வளைவு வளைவாக வந்தது. அவசரமே இல்லை அதற்கு. சொல்லாமல் வரும் உறவினர்கள், வீட்டில் எப்படியும் ஆள் இருப்பார்கள் என்ற தைரியத்தில் பையை ஆட்டிக்கொண்டு வருவார்களே, அந்த நடை. மூன்று மணிக்கு வாசலுக்கு வந்துவிட்டது. யாரோ எங்கோ கீழே விறகு எரிக்கும் வாசனை அவள் மூக்கில் ஏறியது.

"நான் இதைப் பதினஞ்சு வருஷமா பாக்கறேன்," என்றார் வானொலி. "தினம் இந்த நேரத்துக்கு வந்துடும். நம்ம பழைய இயக்குநர் மாமனார் மாதிரி. டாண்ணு."

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"சொல்லாம இருப்பேனா? நான் சொல்லாத விஷயம் ஏதாவது உண்டா? சொல்லிட்டேதான் இருக்கேன். வாயத் தொறந்தா வானொலிய அணைங்கப்பான்னுடறாங்க."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, தானும் அப்படி இரண்டு மூன்று தடவை சொல்லியிருப்பது ஞாபகம் வந்தது.

குழு அடுத்த வாரம் மூன்று வண்டிகளில் வந்தது. தலைவர் ஒரு பேராசிரியர். குளிராக இருந்ததால் ஓட்டுநர்கள் என்ஜினை அணைக்காமல், குழாய்க்கு நேர் கீழே, வரிசையாக நிறுத்திவைத்திருந்தார்கள். உள்ளே கருவித் திரையில் கோடு விருட்டென்று எழும்பிக் கூரையைத் தொட்டது. மணி அப்போது பத்தரைகூட ஆகவில்லை.

பேராசிரியர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கருவிக்குப் பதட்டம் ஜாஸ்தி," என்றார்.

"ஐயா, அது உங்க வண்டி," என்றார் கதவோரமாக நின்றிருந்த வானொலி.

'காவலாளி குறுக்கிட்டார்' என்று ஓர் உறுப்பினர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதை அவள் பார்த்தாள்.

பிறகு குழு காரணங்களை ஆராய்ந்தது. காவலாளி சிகரெட் பிடிக்கிறாரா? பிடிப்பார், வேலிக்கு வெளியே போய். இனி மலையை விட்டு இறங்கித்தான் பிடிக்க வேண்டும். வாசலைத் துடைப்பத்தால் பெருக்குகிறார்களா? இனி ஈரத்துணியால் துடைக்க வேண்டும். மூன்று மணிக்குத் தேநீர் போடுகிறார்களா? அடுப்பைப் பூட்டி, சாவியை உறைக்குள் போட்டு, உறைமேல் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"சார், மூணு மணிவரைக்கும் இருந்து நேரா பாத்துட்டுப் போனா நல்லது," என்றாள் அவள்.

பேராசிரியர் வாட்சைப் பார்த்தார். குழுவுக்குச் சாப்பாடு கீழே ஒரு மணிக்கு ஏற்பாடாகியிருந்தது. பிற்பகல் உயர்வை ஆராய வந்த குழு பன்னிரண்டுக்கு முன்னால் இறங்கிவிட்டது. அடுப்பு பூட்டிக் கிடந்தது, வாசல் ஈரமாக மினுங்கியது, வானொலி சிகரெட் இல்லாமல் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தார். மூன்று மணிக்குக் கோடு எப்போதும்போல முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது.

*

இதெல்லாம் வெறும் அலுவலகக் கூத்தாக இருந்திருந்தால் அவள் வழக்கம்போல வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லிச் சிரித்துவிட்டு மறந்திருப்பாள். ஆனால் மலைச் சரிவில், பஸ் பாதி வழியில் நிற்கும் இடத்தில், மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கான ஓய்வு இல்லம் ஒன்று இருந்தது. அதன் இரண்டாம் மாடியில் ஏழு வாரங்களாக அவளுடைய அக்கா இருந்தாள்.

அக்காவை அங்கே வரச் சொன்னதே அவள்தான். "எங்க மலைக் காத்து மாதிரி எங்கயும் கிடைக்காதுக்கா," என்று போனில் சொன்னாள். காலை ஆறு மணிக் காற்றையும் பத்து மணிக் காற்றையும் மட்டுமே தெரிந்தவளுக்கு அது உண்மையாகத்தான் இருந்தது.

இல்லத்தில் தினமும் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை 'காற்றுச் சிகிச்சை'. அங்கே இருக்கும் பத்தொன்பது பேரையும் கம்பளியால் சுற்றி, பள்ளத்தாக்கைப் பார்த்த பால்கனியில், சாய்வு நாற்காலிகளில் வரிசையாகப் படுக்கவைப்பார்கள். ஆழமாக மூச்சிழுக்கச் சொல்வார்கள். வராதவர்கள் பெயருக்கு எதிரே சிவப்புப் புள்ளி. மூன்று சிவப்புப் புள்ளி விழுந்தால் வீட்டுக்குக் கடிதம்.

குழு இறங்கிய மறுநாள் அவள் பஸ்ஸிலிருந்து அங்கே இறங்கி, நாலு மணிவரை அக்காவின் அறையில் காத்திருந்தாள். அக்காவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து விட்டார்கள். உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது.

"என்னடி அப்படிப் பாக்கறே," என்றாள் அக்கா. நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். "சாயங்காலமானா ஒரு வாக்கியத்தை... ரெண்டா ஒடிச்சுத்தான் பேச வேண்டியிருக்கு."

"பேசாம இரு."

"பேசாம இருன்னு... நீ சொல்றியா என்கிட்ட? காலம் மாறிடுச்சு."

அக்கா முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். பேசாமல் இருக்கச் சொல்வது அவளுடைய தொழில். கொஞ்ச நேரம் கழித்து மூச்சு சமனானது.

"காலையில எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமாடி," என்றாள். "விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஜன்னலைத் திறந்தா, பத்து வருஷத்துக்கு முன்னாடி இருந்த நெஞ்சு திரும்பி வந்த மாதிரி இருக்கு. முந்தாநாள் போர்வையைப் போத்திட்டு யாருக்கும் தெரியாம பால்கனிக்குப் போய் உக்காந்துட்டேன். அரை மணி நேரம். சொர்க்கம். அப்புறம் நர்ஸம்மா வந்து குளிர்காத்து ஆகாதுன்னு இழுத்துட்டு வந்தாங்க. சிவப்புப் புள்ளி. ஸ்கூல்ல நான் வச்ச புள்ளியெல்லாம் வட்டியோட திரும்பி வருது."

"இங்கேர்ந்து கிளம்பிடலாம்க்கா. நம்ம வீட்டுக்கு வந்துடு."

"உன் வீடு எங்க இருக்கு? சூளைக்குப் பக்கத்துல. நான் இந்தக் காலைய விட்டுட்டு எங்கயும் வரமாட்டேன். அந்த ரெண்டு மணி சமாச்சாரத்தைத்தான் மாத்தணும்."

அவள் விஷயத்தைச் சொன்னாள். கோடு, முதுகு, குழு, சராசரி. அக்கா கண்ணை மூடிக் கேட்டாள்.

"என் வகுப்புல நாப்பது பேர்," என்றாள் கண்ணைத் திறக்காமல். "முப்பத்தொம்பது பேர் வந்துட்டாங்க. ஒருத்தன் கிணத்துல விழுந்துட்டான். அவங்க அம்மாகிட்ட போய், சராசரியா எல்லாரும் நல்லா இருக்காங்கம்மான்னு சொல்ல முடியுமா?"

வெளியே வரும் வழியில் அவள் இல்லத்தை நடத்தும் மேலாளரம்மாவின் அறைக்குப் போனாள். மேலாளரம்மா கறாரானவள், ஆனால் நியாயமானவள்.

"மத்தியானம் வந்தா அக்காவுக்கு மூச்சு ஜாஸ்தியா திணறுதுங்க," என்றாள் அவள்.

"திணறத்தான் செய்யும். அழுக்கு வெளியேறுதில்ல?"

"அழுக்கு உள்ள போகுதுங்க. மத்தியானக் காத்துலதான் தூசி ஜாஸ்தி. விடியக்காலையில உக்கார வைங்க, வித்தியாசம் தெரியும்."

"காலையில துணி துவைப்பு, தரை துடைப்பு, எல்லாம் இருக்கு. இருந்தாலும் மாத்தலாம். எனக்கென்ன வந்தது? ஆனா எழுத்துல வேணும்." மேலாளரம்மா எழுந்து அவளை வரவேற்பறைக்கு அழைத்துப் போனாள். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ். 'இம்மலையின் காற்று நாள் முழுவதும் தூய்மையானது.' "இதுல நாள் முழுசும்னு போட்டிருக்கு. வருஷா வருஷம் உங்க நிலையம் கொடுக்கறது. வேற மாதிரி எழுதிக் கொடுங்க, நாளைக்கே நேரத்தை மாத்தறேன். இப்படி எழுதிட்டு, நீங்களே வந்து வேற மாதிரி சொன்னா நான் எதை நம்பறது?"

சான்றிதழின் அடியில் இரண்டு கையெழுத்துகள். ஒன்று இயக்குநருடையது. இன்னொன்று, அளவு எடுத்தவர் என்ற இடத்தில், அவளுடையது.

போன வருடம் போட்டது. எங்கே வைத்துப் போட்டாள் என்று யோசித்துப் பார்த்தாள். பஸ் நிறுத்தத்தில். இயக்குநரின் உதவியாளர் கோப்பை நீட்டியபோது, பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, முதுகுப்பையின்மேல் வைத்து. படிக்கவில்லை. படித்திருந்தாலும் போட்டிருப்பாள்.

*

அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை.

சின்ன வயதில் வீட்டில் ஒரே துணியில் இரண்டு பாவாடை தைத்தால், அக்கா எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வாள், மிச்சம் அவளுக்கு. "இவளுக்கு எதுவும் பரவாயில்ல, தங்கம்," என்பாள் அம்மா. கல்யாணமான புதிதில் கணவர், "நீ கோபப்படறதே இல்ல, அதுதான் உன்கிட்ட எனக்குப் பிடிச்சது," என்றார். அன்று அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். இயக்குநர் புதிதாக வருகிறவர்களிடம், "நம்ம பொண்ணு, எந்தப் பிரச்சினையும் பண்ணாது," என்று அறிமுகப்படுத்துவார். உயிரில்லாத பொருளைச் சொல்வதுபோல 'பண்ணாது' என்பார். நல்ல ஃபிரிஜ் வாங்கியவர் சொல்வது மாதிரி.

தன்னையும் எல்லோரும் காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் வந்து பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். மூன்று மணிக்கு அவளுக்குள் என்ன ஏறுகிறது என்று பார்க்க யாரும் தங்கியதில்லை. மற்றவர்களைச் சொல்வானேன். அவளே தங்கியதில்லை. ஏதாவது கனமாக மேலே ஏற ஆரம்பிக்கும் நேரத்தில் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். இல்லாவிட்டால் தூங்கிவிடுவாள். மறுநாள் காலையில் எல்லாம் இறங்கிச் சுத்தமாகியிருக்கும். நான் ரொம்ப அமைதியானவள் என்று அவளும் நம்பிக்கொண்டிருந்தாள்.

இப்போது என்ன ஏறுகிறது என்று பார்த்தாள். கோபம்தான். இயக்குநர்மேல் இல்லை, மேலாளரம்மாமேலும் இல்லை. பஸ் ஹாரனுக்குப் பயந்து முதுகுப்பையின்மேல் கையெழுத்துப் போட்ட ஒருத்தியின்மேல். அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் செய்தித்தாளை மடித்தார்.

"இந்த வருஷச் சான்றிதழோட உன் வேலையை நிரந்தரமாக்கற கோப்பும் போகுது இல்ல?"

"ஆமா."

"ரெண்டும் உங்க இயக்குநர் ஒருத்தர் கையிலதான் இருக்கு."

"ஆமா."

அவர் செய்தித்தாளை மறுபடியும் விரித்தார். மூன்று வருடமாகத் தற்காலிகமாக இருக்கும் வேலை. அவர் சொல்லாமல் விட்டது வீடு முழுக்க நடமாடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவே போன் செய்தாள். காலை என்பதால் வாக்கியம் முழுசாக வந்தது.

"ஏய், நான் யோசிச்சுப் பாத்தேன். நீ பேசாம கையெழுத்துப் போட்டுடு. வேலை நிரந்தரமாகட்டும். நான் மூணு மணிக்கு மூக்கைப் பொத்திக்கறேன்."

"ரெண்டு மணி நேரம் மூக்கைப் பொத்திக்குவியா?"

"கணக்கு டீச்சருக்கே கணக்கு சொல்லாத. பக்கத்து நாற்காலிக் கிழவர் தூங்கிட்டே இருக்கார், அவர் பங்கையும் நான் பொத்தணுமா என்ன? எனக்கு எதுவும் பரவாயில்லடி."

அக்காவின் வாயிலிருந்து அந்த வாக்கியத்தை அவள் கேட்டதே இல்லை. அது தன்னுடைய வாக்கியம். அதை எத்தனை முறை எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறோம், கேட்பவர்கள் எவ்வளவு சுலபமாக நம்பியிருக்கிறார்கள் என்று நினைத்தபடி போனை வெகுநேரம் காதிலேயே வைத்திருந்தாள்.

"இருக்கியாடி?"

"இருக்கேன்க்கா."

*

குழுவின் அறிக்கை பத்து நாளில் வந்தது. பிற்பகல் உயர்வுக்குக் காரணம் தெளிவாகத் தெரியவில்லை. கருவியின் பம்ப் ஓயாமல் உழைப்பதால் சோர்வடைந்திருக்க வாய்ப்புண்டு. ஆகவே காலை பதினொன்று முதல் மாலை ஏழுவரை கருவிக்கு ஓய்வு கொடுக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. சான்றிதழைப் பழைய முறைப்படி வழங்கலாம்.

"பம்புக்கே ஓய்வு," என்றார் வானொலி. "எனக்கு ஒரு சிகரெட் கிடையாது."

அறிக்கை வந்த மறுநாள் காலை பத்து மணிக்கு இயக்குநர் ஜீப்பில் வந்தார். சான்றிதழை ஒரு கோப்பிலும், அவளுடைய நிரந்தரப் பரிந்துரையை இன்னொரு கோப்பிலும் வைத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மிரட்டுகிற எண்ணமே இல்லை அவரிடம். இரண்டு நல்ல காரியத்தை ஒரே நாளில் முடிக்கும் சந்தோஷம்தான் முகத்தில் தெரிந்தது.

"ரெண்டையும் இன்னைக்கே அனுப்பிடறேன். நீ ஒரு கையெழுத்து, நான் ரெண்டு கையெழுத்து. பாத்தியா, உன்னைவிட எனக்குத்தான் வேலை ஜாஸ்தி."

அவள் சான்றிதழை எடுத்துப் படித்தாள். மொத்தம் நாலு வரி. நிதானமாகப் படித்தாள்.

"சார், 'நாள் முழுவதும்'கிறதை எடுத்துட்டு, 'அதிகாலை முதல் காலை பத்து மணிவரை'ன்னு போட்டுடலாமா? அது நூத்துக்கு நூறு உண்மை. இருபத்திரண்டு வருஷ நோட்டும் அதைத்தான் சொல்லுது. அப்படிப் போட்டா இப்பவே போடறேன்."

இயக்குநர் சிரித்தார். "அரை நாள் சுத்தமான மலையா? பஸ் ஸ்டாண்டுல போர்டு வச்சிருக்காங்கம்மா, நாள் முழுதும் தூய காற்றுன்னு. அதுல போய் மணி எழுதச் சொல்லவா?"

"எழுதினா ஓய்வு இல்லத்துல பத்தொன்பது பேர் காலையில உக்காருவாங்க சார். இப்ப ரெண்டு மணிக்கு உக்காந்து திணறிட்டிருக்காங்க."

"உங்க அக்கா எப்படி இருக்காங்க?" உண்மையான அக்கறையோடு கேட்டார்.

"காலையில நல்லா இருக்கா சார்."

"அப்புறம் என்ன."

அவர் எழுந்து ஜன்னலருகே போனார். வெளியே வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. பள்ளத்தாக்கில் ஒரு வீட்டு மாடியில் யாரோ துணி உலர்த்துவதுகூடத் தெரிந்தது. இந்த நேரத்தில் இந்த ஜன்னலில் நின்று பார்க்கிற யாருக்கும் அவள் சொல்வது கட்டுக்கதையாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அவரை அவளுக்குப் புரிந்தது. புரிந்துபோனால் உடனே தலையாட்டிவிடுவதுதான் இத்தனை நாள் வழக்கம். புரிந்துகொள்வதும் தலையாட்டுவதும் இரண்டு வேறு வேலைகள் என்பது இப்போதுதான், இந்த வயதில், தெரிந்தது.

"இன்னைக்கு மூணு மணிவரைக்கும் இருங்க சார்," என்றாள். "நானும் இருக்கேன். வாசல்ல நாற்காலி போடச் சொல்றேன். பாத்துட்டு நீங்க என்ன எழுதச் சொல்றீங்களோ எழுதலாம்."

அவர் கொஞ்சம் தயங்கியதை அவள் கவனித்தாள். பார்த்துவிடலாம் என்று ஒரு கணம் அவருக்கே ஆசை வந்திருக்க வேண்டும். பிறகு வாட்சைப் பார்த்தார்.

"ரெண்டு மணிக்குக் கீழ மீட்டிங். இதை வச்சுத்தான் மீட்டிங்கே." திரும்பி வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரும்மா. நான் ஓய்வு பெற இன்னும் ரெண்டு வருஷம். இருபத்திரண்டு வருஷ வரிசை அறுந்துதுன்னா, அதுக்கு முன்னாடி கொடுத்த அத்தனை சான்றிதழையும் தோண்டுவாங்க. அதுல உன் கையெழுத்தும் ஒண்ணு இருக்கு. யோசிச்சியா?"

"யோசிச்சேன் சார்."

"உனக்கு நல்லது பண்ணணும்னுதானே இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கேன்."

"தெரியும் சார்."

"அப்ப போடு."

சான்றிதழை அவள் பக்கம் திருப்பி வைத்தார். சட்டைப்பையிலிருந்து தன் பேனாவையே எடுத்து, மூடியைக் கழற்றி, அதன்மேல் வைத்தார். கீழே ஜீப் ஓட்டுநர் என்ஜினைக் கிளப்பிவிட்டான். சுவரோரம் கருவியின் சின்ன விளக்கு வேகமாகக் கண் சிமிட்டத் தொடங்கியது.

அவள் நெஞ்சில் ஏறவேண்டியது எல்லாம் ஏறி, ஒரு இடத்தில் நின்றுவிட்டிருந்தது. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ அங்கே பாத்திரம் எதுவும் இல்லை. அவள் பேனாவை எடுத்து, மூடி, அவர் பக்கமாக வைத்தாள்.

"கோபமா?" என்றார் அவர், நம்ப முடியாமல்.

"இல்ல சார்." கொஞ்சம் யோசித்தாள். "ஆமா சார். ஆனா போடாதது அதுக்காக இல்ல."

"உன் கோப்பையும் நான் திரும்ப எடுத்துட்டுப் போக வேண்டியிருக்கும். தெரியுமில்ல?"

"எடுத்துட்டுப் போங்க சார்."

அவர் அவளைப் பார்த்தார். மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு எப்போதும் பேசும் அந்த இதமான குரலிலேயே கேட்டார்.

"சரி, இன்னைக்கு வேண்டாம். மனசு சரியில்ல. நாளைக்கு வரேன், போட்டுடறியா?"

"நாளைக்கும் இல்ல சார்," என்றாள்.